எல்லாருக்கும் சைபர்

ஆலங்கிணற்றுக் கடைவீதியில் இடைவெளி காணாமல் போனது பத்திரகாளியம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கால் நாட்டிய அன்றைக்கு. அதுவும் நல்ல நேரம் பார்த்து, தேங்காய் உடைத்து, சூடம் காட்டிய பிறகுதான் போனது. யாரும் அதைத் திருடவில்லை, யாரும் தொலைக்கவும் இல்லை. வியாபாரிகள் சங்கத்தார் கூடி உட்கார்ந்து, காபி குடித்து, ஏகமனதாகத் தீர்மானம் போட்டு அதை வழியனுப்பி வைத்தார்கள். எல்லாம் பொறாமையால் வந்த வினை என்று பக்கத்துத் தெருக்காரர்கள் சொல்வது முழுக்கச் சரிதான்.

அந்த வருஷம் வீதி முகப்பில் பெரிய எல்.இ.டி. திரை வைப்பதென்றும், அதில் ஒவ்வொரு கடைக்காரரும் தன் கடை வாசலில் நின்று கும்பிடுகிற படம் மாறி மாறி வர வேண்டுமென்றும் முடிவாகி, அந்த வேலை வீதியின் கடைசியில் ஸ்டுடியோ வைத்திருந்த இசக்கியம்மாளிடம் வந்தது. காதுகுத்து பேனரிலிருந்து செல்போனில் வருகிற காலை வணக்கம் வரைக்கும் ஆலங்கிணற்றில் ஆடுகிற, மினுக்குகிற, பூத்தூவுகிற படமெல்லாம் அவள் கைவேலைதான். அடுத்த கடை அவள் புருஷன் பேச்சிமுத்துவின் நன்னாரி சர்பத் கடை. பேச்சிமுத்துவுக்கு நெஞ்சு பலவீனம். ஓடாமல், கோபப்படாமல், மெதுவாக எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டு இருந்தால் நீண்ட நாள் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார், அவனும் அப்படியே பிழிந்துகொண்டிருந்தான்.

இசக்கி வீதி முழுக்கப் போய் எல்லாரையும் படம் எடுத்தாள். இப்படி மாறி மாறி வருகிற படத்துக்கு ஜிஃப் என்று நாகரிகமாகப் பெயர் சொன்னாலும் அது ஒரு சீட்டுக்கட்டுதான். படத்தின் மேல் படமாக அடுக்கி, ஒவ்வொரு படத்தின் முதுகிலும் அது எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று ஓர் எண் போட்டிருக்கும், நொடியை நூறாக நறுக்கினால் வருகிற ஒரு துண்டுதான் அந்த எண்ணுக்கு அளவு. இந்த விஷயம் எப்படியோ வெளியே கசிந்துவிட்டது. சங்கத் தலைவர் கந்தப்பழம் அண்ணாச்சி, பலசரக்குக் கடைக்காரர், தன் படம் மற்றவர்கள் படத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக நிற்கட்டும் என்று ஆள் விட்டுச் சொன்னார். அவர் ஆள் படியிறங்கும் முன்னே வளையல் கடை ராஜகனி வந்து நின்றாள்.

"ஏட்டி இசக்கி, அண்ணாச்சிக்கு எம்புட்டு போட்டிருக்க?"

"இன்னும் போடலக்கா."

"அவருக்கு எம்புட்டோ அதுக்கு மேல ஒண்ணு எனக்கு. நான் கொடைக்கு வரி குடுக்கலையா?"

அப்புறம் ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, வெற்றிலைக்கடை என்று எல்லாரும் வந்தார்கள், எல்லாருக்கும் மற்றவரைவிட ஒன்று கூடுதலாக வேண்டியிருந்தது, அப்படி ஒரு கணக்கு உலகத்தில் இல்லை என்று இசக்கி சொல்லிப் பார்த்தாள், பேச்சு முற்றி விவகாரம் சங்கத்துக்குப் போயிற்று. அங்கே நாற்காலிகள் உருண்டன. கடைசியில் கந்தப்பழம் அண்ணாச்சி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"யாருக்கும் ஒண்ணும் வேண்டாம். எல்லாருக்கும் சைபர் போட்டுரு. சைபர்ல பெருசு சிறுசு உண்டாய்யா?"

இல்லை என்று எல்லாரும் கை தட்டினார்கள். பக்கத்துக்காரனுக்கும் ஒன்றும் இல்லை என்கிற நிம்மதியில் அன்றைக்கு எல்லார் வீட்டிலும் நல்ல சாப்பாடு.

இசக்கி எல்லாப் படங்களின் முதுகிலும் சைபர் போட்டுத் தன் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தாள். படம் சுறுசுறுப்பாக ஓடியது, ஆனாலும் முகம் முகமாகத் தெரிந்தது. அதற்குக் காரணம் அந்த மென்பொருள் கொஞ்சம் உலகம் தெரிந்தது. சைபரைக் கண்டால், பாவம், போட்டவருக்கு விவரம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் தானாகப் பத்து என்று வைத்து ஓட்டும். செல்போனில் இருப்பதும் அப்படித்தான். நாம் தப்பாகச் சொன்னதைச் சரியாகக் கேட்டுக்கொள்கிற புண்ணியவான்களை நம்பித்தான் பாதி உலகம் பிழைக்கிறது. ஆனால் திரையோடு வெளியூரிலிருந்து வந்து சங்கத்து மாடியறையில் உட்கார்ந்திருந்த, திரையில் படம் ஓட்டுகிற பெட்டி அந்த ரகம் இல்லை. அது சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது. சைபர் என்றால் அதற்குச் சைபர்தான்.

பெட்டியை முடுக்கியதும் திரையில் படம் மாறவே இல்லை. எல்லா முகமும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, அண்ணாச்சியின் மீசையும் ராஜகனியின் மூக்குத்தியும் பேச்சிமுத்துவின் ஒடுங்கிய கன்னமும் சேர்ந்து ஒரே முகமாக, வீதிக்கே ஒரு முகமாக நின்று கும்பிட்டது. நல்லாத்தான் இருக்கு, யாருக்கும் கூடக்குறைய இல்லை என்று பேசிக்கொண்டே கலைந்தவர்கள் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது, அங்கிருந்து கிளம்பியதற்கும் சேர்ந்ததற்கும் நடுவில் நடை இல்லாமல் இருந்தது.

முதலில் அதை வசதி என்றே வீதி எடுத்துக்கொண்டது. பாலை அடுப்பில் வைத்தால் வைத்த கையோடு பொங்கியது. விலை கேட்டவர் கேட்ட வாயோடு பணத்தை நீட்டியிருந்தார். ஷட்டரை இழுத்து மூடினால் மூடிய சத்தம் அடங்கு முன்பே அது திறக்கிற சத்தமாகி வாசலில் தண்ணீர் தெளித்திருந்தது, நடுவில் ஒரு ராத்திரி போனதை யாரும் தேடவில்லை. ஈ ஓட்டுகிற பொழுது என்று ஒன்று எந்தக் கடையிலும் இல்லாமல் போயிற்று. காத்திருக்க வேண்டாத கடைவீதி என்று பேர் பரவி, சுற்றுப்பட்டியிலிருந்து வேன் பிடித்து ஆட்கள் வந்தார்கள், வந்தவர்கள் தங்கள் நேரத்தோடு மெதுவாக நடந்து, அந்த வீதிக்காரர்களின் வேகத்தை வேடிக்கை பார்த்து, சாமான் வாங்கிப் போனார்கள். படத்தில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் இப்படி. படம் எடுத்தவள் படத்தில் இருக்க மாட்டாள் என்பதால் இசக்கிக்கு மட்டும் இடைவெளிகள் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. அவள் சாப்பிட்டாள், தூங்கினாள், சும்மா உட்கார்ந்தாள். பக்கத்துப் பாயில் பேச்சிமுத்து படுக்க வருவதும் எழுந்து போவதும் ஒன்றாக இருந்தது.

ஒருநாள் மத்தியானம் கரண்டு போயிற்று. திரை அணைந்தது, அணைந்ததும் வீதி நின்றது. அண்ணாச்சி கையிலிருந்து கொட்டிய துவரம்பருப்பு தட்டில் விழுந்து முடிந்த பிறகும் அண்ணாச்சி கொட்டுகிற கோலத்திலேயே நின்றார். ராஜகனி ஒரு குழந்தையின் கையில் வளையல் ஏற்றியபடி நிற்க, குழந்தை கையை உருவ முடியாமல் அழுதது. இசக்கி சர்பத் கடைக்கு ஓடிப் புருஷன் மூக்கருகே விரலை வைத்தாள். மூச்சு இல்லை. நெஞ்சில் கையை வைத்தாள், அங்கேயும் ஒன்றும் இல்லை, அவள் கத்துகிற சத்தம் மட்டும் வீதியில் கேட்டது. யாரோ வெளியூர் ஆள் ஜெனரேட்டரைத் தட்டிவிட்டார். வீதி விட்ட இடத்திலிருந்து ஓடத் தொடங்கியது, பேச்சிமுத்து பிழிந்த பழத்தைப் பிழிந்து முடித்து, "எதுக்குட்டி கத்துத?" என்றான்.

அதிலிருந்து திரையை அணைக்கக்கூடாது என்பது வீதிச் சட்டம் ஆயிற்று. இன்னொரு ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்து வைத்தார்கள், அதற்கும் ஒரு பூமாலை போட்டார்கள். மாடியறைச் சாவியை அண்ணாச்சி தன் அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டார். ஆபத்தைப் பூட்டி வைத்தாயிற்று என்று எல்லாரும் மறுபடி வியாபாரத்தைப் பார்த்தார்கள்.

இசக்கியால் அப்படிப் பார்க்க முடியவில்லை. புருஷனின் நகக்கண்கள் நாவற்பழம் தின்றவன் நாக்கு நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. ஆட்டோவில் ஏற்றி அடுத்த தெரு டாக்டர் எபனேசரிடம் கொண்டுபோனாள். அவர் குழலை வைத்துக் கேட்டார், எடுத்துத் துடைத்து மறுபடி வைத்துக் கேட்டார்.

"என்னம்மா இது, துடிப்பே கேக்கல. ஒரே இழுவையா ஒரு சத்தம், மிக்சி ஓடுத மாதிரி."

"துடிக்கத்தான் செய்யுது சார். நடுவுல விடுததுதான் இல்ல."

டாக்டர் குழலைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "நெஞ்சுக்கு லீவுன்னு கிடையாதும்மா. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல இருக்கே, அம்புட்டுதான் அதுக்குத் தூக்கம், சாப்பாடு எல்லாம். நல்ல நெஞ்சா இருந்தா இந்தக் கூத்தை இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். இவர் நெஞ்சு தாங்காது. இன்னைக்கோ நாளைக்கோ."

அவள் அவனைத் திரும்பக் கூட்டி வந்து சர்பத் கடை ஐஸ் பெட்டியில் சாய்த்து உட்கார வைத்துவிட்டு நேராக அண்ணாச்சி கடைக்குப் போனாள். அவளுக்குப் பயத்தில் கால் தரையில் பாவவில்லை. ஆனால் முகத்தில் அதைக் காட்டவில்லை, அது அவள் சுபாவம்.

"அண்ணாச்சி, சாவியக் குடுங்க. ஓடும்போதே நம்பர மாத்திரலாம். எல்லாருக்கும் இடைவெளி போட்டுருதேன்."

"கொடை முடியட்டும். யாவாரம் எப்படி ஓடுதுன்னு பாத்தியா? இந்த வீதியில எவனாவது கொட்டாவி விட்டுப் பாத்திருக்கியா?"

"அவுக செத்துருவாக அண்ணாச்சி."

"எல்லாருக்கும் சமமா இருக்கு. ஒருத்தனுக்காக மாத்த முடியுமா?"

கூட்டம் கூடிவிட்டது. கூடினதும் பேசினதும் ஒன்றாக நடந்ததால் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், கேள்வி முடியு முன் பதிலும் பதில் முடியு முன் திட்டும் வந்து விழுந்தன. மாற்றினால் எனக்கு எவ்வளவு, அவனுக்கு எவ்வளவு என்று பழைய பாட்டை ஜவுளிக்கடைக்காரர் எடுத்தார். அப்போது ராஜகனி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். அவள் கண்கள் சிவந்திருந்தன. அவளுக்கு அழுகை நடுவில் விடாமல் வந்துகொண்டிருந்தது, அதைத் துடைப்பதற்குக்கூட ஒரு நிமிஷம் கிடைக்கவில்லை.

"குடுத்துருங்க அண்ணாச்சி. காலையில எம்மருமக ஏதோ கேட்டா. பத்து வருசமா முழுங்கி வச்சிருந்த வார்த்தை, நெஞ்சுல வந்ததும் வாயில வந்துட்டு. பெட்டியைக் கட்டிக்கிட்டுப் பிள்ளையோட போயிட்டா. வார்த்தையை முழுங்குததுக்கு மனுசனுக்குக் கொஞ்சம் நேரம் வேணும் அண்ணாச்சி. எனக்கு யாவாரம் வேண்டாம், அந்த நேரத்தைக் குடுங்க."

வீதியில் அப்படி வார்த்தை விட்டவள் ராஜகனி மட்டும் இல்லை. பங்காளியிடம் விட்டவர், பெண்டாட்டியிடம் விட்டவர், கடன் தந்த மச்சினனிடம் விட்டவர் என்று அங்கே நின்றவர்கள் எல்லாருக்கும் ஆளுக்கு ஒன்று இருந்தது. எல்லாரும் அண்ணாச்சியின் இடுப்பைப் பார்த்தார்கள். அண்ணாச்சி சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தர மாட்டேன் என்றார்.

இசக்கிக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. பிடிவாதமும் இரக்கமும் எல்லா மனிதரிடமும் பக்கத்துப் பக்கத்து வீட்டில்தான் குடியிருக்கின்றன. ஒன்று போய் மற்றது வர நாளாகும், மாசமாகும், சிலருக்குச் சாகிறவரை ஆகும், அவ்வளவுதான். இந்த மனிதருக்கு நடுவில் அந்த நாள் இல்லை. ஆகவே அவள் அழவில்லை, காலில் விழவில்லை, கையை மட்டும் நீட்டிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"சாவியக் குடுங்க அண்ணாச்சி."

"தர மாட்டேன்."

"குடுங்க அண்ணாச்சி."

"மாட்டேன்னா மாட்டேன். இங்கேருந்து போ. உம்புருசன் என்ன பெரிய... எங்க இருக்கான் அவன்? சாப்பிட்டானா? எங்க அப்பனும் இப்படித்தான்ட்டி நெஞ்சப் பிடிச்சிட்டுப் போனாரு, இந்தா, ஓடு."

ஒரு மனிதர் மனம் மாறுவதை நடுவில் இடைவெளி இல்லாமல் பார்ப்பது சகிக்காத காட்சி. அவர் முகம் கோபத்திலிருந்து அழுகைக்கு ஒரேயடியாய்ச் சரிந்தது. இசக்கி நின்று பார்க்கவில்லை, அவர் நீட்டிய சாவியைப் பிடுங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

பெட்டி அனலாகக் கொதித்தது. அவள் பட்டியலைத் திறந்து முதல் படத்திலிருந்து சைபரை அழித்துப் பத்து என்று போட்டுக்கொண்டே வந்தாள், எந்தப் புண்ணியவான் மென்பொருளும் தானாக வைத்துக்கொள்கிற அதே பத்து. ஜன்னல் வழியாகக் கீழே வீதி தெரிந்தது. பாத்திரக்கடைக்காரர் ஒரு குடத்தைக் கீழே வைத்துவிட்டு அடுத்த குடத்தை எடுக்காமல் நின்றார். வெற்றிலைக்கடைக்காரர் நீளமாகக் கொட்டாவி விட்டார், பக்கத்தில் நின்றவர்கள் அதிசயத்தைப் போல அதைப் பார்த்து, பிறகு அவர்களும் விட்டார்கள். ராஜகனி விசும்பி நிறுத்தி, மூக்கைச் சிந்தி, முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, மருமகளுக்குப் போன் போட எடுத்த கையை, என்ன பேசுவது என்று யோசிப்பதற்காக அப்படியே வைத்திருந்தாள். திரையில் ஒரே முகமாக இருந்த வீதி முகம் முகமாகப் பிரிந்துவந்தது.

பேச்சிமுத்துவின் படத்துக்கு வந்ததும் அவள் விரல் நின்றது. மற்றவர்களுக்குப் பத்து போதும், கொஞ்சம் வழி விட்டால் மீதியை அவரவர் உடம்பே பார்த்துக்கொள்ளும். இவன் நெஞ்சு மாடியறைப் பெட்டி ரகம், சொன்னதை மட்டும் செய்யும். பத்து போட்டால் அந்தப் பத்திலேயே அடித்துக்கொண்டு கிடந்து சாகும், கூடப் போட்டால் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் உயிர் போய்விடும். கீழே பார்த்தாள். ஐஸ் பெட்டியில் சாய்ந்திருந்தவன் தலை ஒரு பக்கமாகத் தொங்கிவிட்டது, யாரோ அவன் வாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள், தண்ணீர் வழிந்தது.

எண் தெரியாதவர்களுக்கென்று அந்தப் பெட்டியில் ஒரு வழி இருந்தது. பொத்தானை வேண்டிய தாளத்தில் தட்டினால், தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் இருப்பதை அதுவே அளந்து எழுதிக்கொள்ளும். கல்யாணமான நாளிலிருந்து அந்த நெஞ்சில் தலை வைத்துத்தான் இசக்கி தூங்கியிருக்கிறாள். அதன் தாளம் அவளுக்குத் தெரியாதா? அவள் கண்ணை மூடி, அவன் நெஞ்சை நினைத்துக்கொண்டு தட்டத் தொடங்கினாள். கீழே "பேச்சிமுத்து, ஏ பேச்சிமுத்து" என்று ராஜகனி அலறுவது கேட்டது. தட்டிக்கொண்டே இருந்தாள். அம்மா காளி, அம்மா காளி என்று சொல்லிக்கொண்டே தட்டினாள். பெட்டி ஏதோ ஓர் எண்ணை எழுதிக்கொண்டது, என்ன எண் என்று அவள் கண்ணைத் திறந்து பார்ப்பதற்குள் கீழே சத்தம் மாறிவிட்டது.

படியில் உருண்டு விழாத குறையாக ஓடிவந்தபோது பேச்சிமுத்து கண் திறந்திருந்தான். டாக்டர் எபனேசர் ஸ்கூட்டரை நடுவீதியில் போட்டுவிட்டு வந்து குழலை வைத்துக் கேட்டு, துடிப்பு துடிப்பாக இருக்கிறது, கொஞ்சம் வேகம்தான், ஆனாலும் பிழைத்துக்கொள்வார் என்றார். கந்தப்பழம் அண்ணாச்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டே, அவனுக்கு எத்தனை போட்டாய் என்று கேட்டார். அவரைச் சும்மா இருக்கும்படி வீதியே சொன்னது.

கொடை முடிந்து திரைக்காரர்கள் வந்து திரையைக் கழற்றினார்கள். வீதி பயந்துகொண்டு நின்றது, ஆனால் ஒன்றும் ஆகவில்லை. படத்துக்குப் படம் இடைவெளி இருந்ததால் நிறுத்துவதற்கும் இடம் இருந்தது, அணைந்த பிறகும் அவரவர் தங்கள் தங்கள் நேரத்தோடு நடந்து போனார்கள். வீதியில் மறுபடி ஈ ஓட்டினார்கள். ராஜகனியின் மருமகள் திரும்பி வந்தாள், வந்தவளிடம் ராஜகனி ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னால் நிறுத்தி நிறுத்திப் பேசியதைக் கண்டு, கிழவிக்கு ஏதோ வாதம் கண்டிருக்கிறது என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டாள்.

அப்புறம் ஒரு மத்தியானம், வீதி சாப்பாட்டுக்கு ஓய்ந்திருந்த வேளையில், பேச்சிமுத்து ஸ்டுடியோவுக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"ஏட்டி, எனக்குப் பயமா இருக்கு."

"எதுக்கு?"

"எதுக்கும் இல்ல. மனசு நல்லாத்தான் இருக்கு. யாவாரம் நல்லாத்தான் நடக்கு. நெஞ்சு மட்டும் பயப்படுது. அன்னைக்குப் பிடிச்சு இப்படித்தான். யாரையோ காணாம தேடி ஓடுத மாதிரி கிடந்து அடிக்கு. எம்பயமாத் தெரியல, யாரோடதோ மாதிரி இருக்கு."

இசக்கி எழுந்து வந்து அவன் நெஞ்சில் காதை வைத்தாள். கேட்டதுமே அவளுக்கு விளங்கிவிட்டது. அவனுடைய தாளம் என்று நினைத்துக்கொண்டு மாடியில் அவள் தட்டியது பயத்தில் அடித்துக்கொண்ட தன் நெஞ்சின் தாளத்தைத்தான், அம்மா காளி, அம்மா காளி என்று அது அவன் விலா எலும்புக்குள் இன்னமும் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் காதை எடுக்காமல் நடந்ததைச் சொன்னாள். அவனுக்கு அது முழுக்க விளங்க நேரம் பிடித்தது, இப்போது நேரம் இருந்தது. அவன் அவள் தலையில் கையை வைத்தான்.

"ஏட்டி, இம்புட்டா பயந்த?" என்றான்.